கணக்கு உங்களுக்கு, பூகோளம் எனக்கு

பாலசமுத்திரம் பக்கம்,
சித்தூர் ஜில்லா,
14-7-1958

ஸத்யபாமா டீச்சருக்கு, கங்கையா எழுதுவது.

கை கூடிவிட்டது. புத்தூர்க் கட்டைப் போன வாரம் பிரித்தார்கள். விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து ஓட்டைச் சரிபண்ண ஏறி விழுந்த என்னைப் புத்தூரில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தபோது நீங்கள் திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எட்டு வருஷம் ஒரே கூடத்தில் முதுகுக்கு முதுகு நின்று பாடம் நடத்தியவர்கள் நாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அது வருத்தம்தான், மறைப்பானேன்.

உங்கள் தெலுங்கு செக்ஷனுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ராஜம்பேட்டைக்காரர். வேட்டி மடிப்புக் கலையாமல் வருகிறார், பாடமும் நன்றாகத்தான் எடுக்கிறார். ஆனால் வந்த முதல் வாரமே கூடத்துக்கு நடுவில் மூங்கில் தட்டி ஒன்று கட்டிவிட்டார். அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள், என் பிள்ளைகளுக்கு நான் என்கிறார். ஜட்கா வண்டி ஓட்டுகிற மௌலாவின் மகள் சாந்த் பீ தட்டியைப் பார்த்துவிட்டு, "நா எந்தப் பக்கம் குந்தறது சார்?" என்று கேட்டாள். வீட்டில் உருது பேசுகிற பெண், இத்தனை நாள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போது தட்டி முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் வேண்டாம் என்றதால் கணக்குப் பாடத்தை நானே எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கும் கணக்குக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். "கணக்கு உங்களுக்கு, பூகோளம் எனக்கு, இரண்டு செக்ஷனுக்கும் சேர்த்து" என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். "காளஹஸ்தியைத் தாண்டிப் போகாத நானா தேசப்படத்தைச் சொல்லித்தருவது?" என்று நீங்களும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டீர்கள்.

அதன் பலன் இப்போது தெரிகிறது. ஏழாறு எவ்வளவு என்று கேட்டேன். கன்னையாவின் மகள் மல்லிகா எழுந்து, "நலபை ரெண்டு சார்" என்றாள். தமிழில் சொல்லம்மா என்றால் விரலை மடக்குகிறாள். ஒருத்திக்கு இல்லை, அத்தனை பேருக்கும் இதே கதை. தமிழ் செக்ஷன் முழுவதுக்கும் வாய்ப்பாடு தெலுங்கில்தான் தெரியும், டீச்சர். உங்கள் கைங்கரியம்.

கங்கையா

*

திருப்பதி,
2-8-1958

கங்கையா ஸாருக்கு,

கை குணமானதில் அம்மாவுக்கும் எனக்கும் நிம்மதி. சொல்லாமல் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தூருக்கு வந்தேன். நீங்கள் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சென்னம்மாவிடம் சொல்லி, பழம் கொடுத்துவிட்டுப் போனேன். உங்கள் சம்சாரம் பழத்தைக் கொடுத்துவிட்டுச் சேதியை மறந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மாற்றல் அம்மாவுக்காக. பெருமாளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று ஒரு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயது நாற்பத்திரண்டு ஆகிறது. ஒரு பள்ளிக்கூடத்தை என் இஷ்டப்படி நடத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம்.

இங்கே எல்லாம் தெலுங்குதான், ஒரே வகுப்பு, தட்டி இல்லை. ஆனால் தட்டி இல்லாமலே பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்கிறவரின் பெண் பத்மாசனி, எங்கள் வீட்டில் பேசுகிற அதே தமிழ்க்காரி, வாயே திறக்கமாட்டாள். அலிபிரியிலிருந்து மலைக்கு டோலி தூக்குகிறவரின் பெண் ஒருத்தி, அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். மடத்தில் வடக்கேயிருந்து வந்தவர்களின் குழந்தைகள் இரண்டு பேர், தங்களுக்குள் மட்டும் இந்துஸ்தானி பேசிக்கொள்கிறார்கள். நம் கூடத்தில் சத்தம் அதிகம், ஆனால் இந்த மௌனம் கிடையாது.

வாய்ப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். மறுபடி முதலிலிருந்து உருப்போட வைக்காதீர்கள், வெறுத்துவிடுவார்கள். தெரிந்த தெலுங்கிலேயே ஒரு குழந்தை சொல்லட்டும், பக்கத்துக் குழந்தை அதையே தமிழில் சொல்லட்டும். நீங்களும் கூடவே சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு பாஷையிலாவது வாய்ப்பாடு வந்துவிடும்.

ஸத்யபாமா

*

பாலசமுத்திரம் பக்கம்,
21-9-1958

டீச்சருக்கு,

உங்கள் யோசனைப்படி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கட்டுப் பிரித்த கை, மழை, ஓடு என்று நாள் போய்விட்டது. அதற்குள் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

நல்ல மனிதர், கோபக்காரர் இல்லை. அதுதான் சங்கடம். என்னிடம் தெலுங்கில் பேசினார், நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். என் வீட்டுப் பேச்சே அதுதானே, சரளமாக வந்தது. அவருக்கு ரொம்ப சந்தோஷம். பிறகு தமிழ் செக்ஷன் பக்கம் திரும்பி, மனக்கணக்குக் கேட்டார். தமிழில்தான் கேட்டார், அவருக்கு நன்றாகவே வருகிறது. பிள்ளைகள் பயத்தில் தெரிந்ததைச் சொன்னார்கள். எல்லாம் தெலுங்கு. மல்லிகா பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் தெலுங்கில் ஒப்பித்தாள், பாராட்டு வேறு வாங்கினாள்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியார் தெலுங்கு, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் தெலுங்கு. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் காகிதத்தில்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறதே. பின் எதற்குத் தனி செக்ஷன்?"

நான் என்ன சொல்ல? இரண்டு வாத்தியார்கள் அனுமதி இல்லாமல் பாடத்தை மாற்றிக்கொண்டோம் என்றா? எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று டில்லி வரைக்கும் பேச்சு நடக்கிற நேரம். இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் வந்து யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடி வருவாராம். அப்போதும் இப்படியே இருந்தால் தமிழ் செக்ஷனைக் கலைத்து எல்லோரையும் தெலுங்கில் சேர்க்க எழுதிவிடுவாராம். என்னை வேறெங்காவது தூக்கிப் போடுவார்கள், அது போகட்டும். சேதி ஊருக்குள் போய்விட்டது. கன்னையா நேற்று வந்து வாசலில் நின்றார்.

"இன்னா சார் இது, ஊட்ல ராவும் பகலும் தமிள்தான் பேசிக்கினு கீறோம். ஏளாவது படிக்கிற பொண்ணப் போயி தெலுகுல மொதல் எளுத்துலேர்ந்து எளுதச் சொன்னா, சின்னப் புள்ளைங்கோ சிரிக்காதா? அதுக்கு ஊட்லயே கெடக்கட்டும். சோறாவது ஆக்கக் கத்துக்கும்."

அவர் சொன்னால் செய்வார். மல்லிகா மட்டுமில்லை, பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். எட்டு வருஷத்தில் நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்த பிள்ளைகள். உங்கள் வாய்ப்பாடு இப்படி வந்து என் தலையில் விடியும் என்று நான் நினைக்கவில்லை.

கங்கையா

*

திருப்பதி,
27-9-1958

கங்கையா ஸாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. உடனே எழுதினால் தாறுமாறாக எழுதுவேன் என்று இரண்டு நாள் பொறுத்தேன். கோபம் போகவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

என் வாய்ப்பாடு என்று எத்தனை தடவை எழுதுவீர்கள்? கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் பலகை முன்னால் வேர்த்து நின்றது யார்? உங்கள் பிள்ளைகளும் கணக்குக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் நான் தொண்டை வறளக் கத்தினேன். என் பிள்ளைகள் தெலுங்குப் பிள்ளைகள் மட்டுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மல்லிகாவுக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் வீட்டில் உட்காரப்போகிறாள் என்று படித்தால் எனக்கு வயிறு எரியாதா?

திட்டியாயிற்று. இப்போது ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். இன்ஸ்பெக்டர் தட்டிக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டார்?

ஸத்யபாமா

*

பாலசமுத்திரம் பக்கம்,
19-10-1958

டீச்சருக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. கடன் வாங்கிக் கழிப்பதை எழுதாமல் விட்டிருக்கலாம். சென்னம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நல்ல வேளை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் முடித்ததும் அவருக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. அங்கே தெலுங்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. ராஜம்பேட்டைக்காரர் தேசப்படத்தை மாட்டிவிட்டு ஆறுகளைக் கேட்டிருக்கிறார். சொர்ணமுகி எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது என்று. ஒரு பெண் எழுந்து, "சந்திரகிரிக்கு மேற்கே மலையில் உற்பத்தியாகி, காளஹஸ்தி வழியாக ஓடி, கிழக்கே கடலில் கலக்கிறது" என்று சுத்தமான தமிழில் சொல்லியிருக்கிறாள். அடுத்தவளைக் கேட்டார், அவளும் தமிழ். மலை, பயிர், ரயில் பாதை எல்லாம் தமிழ். வீட்டில் ஒரு தமிழ் வார்த்தை பேசாத ரெட்டி வீட்டுப் பிள்ளைகள் கூட. நான் தமிழில் நடத்திய பூகோளம் ஆயிற்றே, வேறெப்படி வரும்?

தட்டிக்கு மேலே தலை தெரிந்தது. "கங்கையாகாரு, ஒகசாரி வஸ்தாரா?" என்று கூப்பிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைகள் சொன்னது சரியா தப்பா என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் நிலைமையும் அதேதான் என்பதால் சிரிக்கவில்லை.

இப்போது மத்தியானத்தில் தட்டியை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு நீங்கள் சொன்ன வழியில் நடக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு தெலுங்கில் சொல்ல, இந்தப் பக்கத்தார் தமிழில் சொல்கிறார்கள். பூகோளத்துக்கு மாற்றி. சத்தம் ஊர்க்கோடி வரைக்கும் கேட்கிறது. நடுவில் ராஜம்பேட்டைக்காரரும் தமிழ் எண்களை முணுமுணுக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் கேள்வியை எதற்குக் கேட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது. இன்ஸ்பெக்டரிடம் எதையும் சொல்லப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் எட்டு வருஷம் பாடத்தை மாற்றினோம் என்று நீங்களே போய்ச் சொன்னால் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கமாட்டார்கள். இங்கே நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

கங்கையா

*

திருப்பதி,
8-11-1958

கங்கையா ஸாருக்கு,

நீங்கள் பார்த்துக்கொள்ளும் அழகு எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள்.

டெபுடி இன்ஸ்பெக்டர் போன வாரம் இங்கே வந்திருந்தார். ஆபீஸ் தாழ்வாரத்தில் காத்திருந்து பார்த்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"இது நியமத்துக்கு விரோதமில்லையா அம்மா?" என்றார்.

"விரோதம்தான்."

"அனுமதி வாங்கினீர்களா?"

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டென்று எனக்கும் தைரியம் வந்துவிட்டது. தெலுங்கில் வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை தெலுங்குப் பிள்ளை என்றால், தயவுசெய்து அந்தப் பக்கம் போய் ஆறுகளைக் கேளுங்கள், அத்தனை பேரும் தமிழ்ப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள், பிறகு தமிழ் செக்ஷனுக்கு எழுதப்போவதைத் தெலுங்கு செக்ஷனுக்கும் எழுத வேண்டிவரும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தப்பு செய்துவிட்டு வாதம் வேறா?" என்றார். தப்பு என்று நான் நினைக்கவில்லை, பாதியில் நிறுத்தினோம், அதுதான் குறை என்றேன். யோசித்துப் பாருங்கள் கங்கையா ஸார், ஒரு வருஷம் நான் கணக்கு என்றால் மறு வருஷம் நீங்கள் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளைகள் இரண்டு வாயிலும் கேட்டிருப்பார்கள். உங்களைக் காப்பாற்றப் போய் அதை நான் விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு வரும்போது இரண்டு பக்கமும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது. மிச்சம் குழந்தைகள் கையில்.

ஹெட்மிஸ்ட்ரஸ் விஷயத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து சிறிது நேரம் அழுதேன், பிறகு சரியாகிவிட்டது. பத்மாசனியையும் அலிபிரிப் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பில் பத்மாசனியின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன்.

ஸத்யபாமா

*

பாலசமுத்திரம் பக்கம்,
24-1-1959

டீச்சருக்கு,

சொல்லாதீர்கள் என்றால் முதல் வேலையாகப் போய்ச் சொல்கிறீர்கள். உங்களோடு எட்டு வருஷம் குடித்தனம் பண்ணின அந்தக் கரும்பலகைதான் பாவம்.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். வருவதற்கு முன்னால் ராஜம்பேட்டைக்காரரே தட்டியை அவிழ்த்து வெளியே போட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.

மல்லிகாவை எழுப்பினார். போன தடவை தெலுங்கில் ஒப்பித்த பெண் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. "பதிமூன்று ஆறு எவ்வளவு?" என்றார். முதுகுக்குப் பின்னால் நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், டீச்சர். ஏனென்றால் எனக்கே உடனே வரவில்லை.

அவள் அவரை நேராகப் பார்த்து, "எந்த பாஷைல சொல்லணும் சார்?" என்றாள்.

அவர் கையிலிருந்த நோட்டை மூடினார். பிறகு, இரண்டிலும் சொல் என்றார். "எளுபத்தி எட்டு. டெப்பை எனிமிதி" என்றாள். வீட்டில் எது பேசுகிறாய் என்றார். "நைனா கிட்ட தமிள். சந்தையில தெலுகு. இஸ்கூல்ல ரெண்டும்" என்றாள். வெளியே நின்றிருந்த கன்னையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் போய்ச் சொர்ணமுகியைக் கேட்டார். அங்கே ஒரு பிள்ளை எழுந்து, "ஏ பாஷலோ செப்பாலி சார்?" என்று அதே கேள்வியைத் தெலுங்கில் போட்டது. நாங்கள் யாரும் அப்படிக் கேட்கச் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கு அது நிஜமான சந்தேகம்.

கிளம்புகிற சமயத்தில் சாந்த் பீ தானாகவே எழுந்து, "எங்க ஊட்டு பாஷைல கேக்கமாட்டீங்களா சார்?" என்றாள். சொல்லம்மா என்றார். ஆறாம் வாய்ப்பாட்டை உருதுவில் கடகடவென்று சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றதற்கு, "எங்க பாவா. வண்டில போவ சொல்லோ" என்றாள். அப்பாவைத்தான் அவள் பாவா என்பாள். எட்டு வருஷத்தில் அவள் வீட்டு பாஷையில் நாம் ஒன்றும் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு செக்ஷனும் இப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மல்லிகா எட்டாவதும் இங்கேதான் படிப்பாள், கன்னையா தன் வாயாலேயே சொல்லிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அனுமதி இல்லாமல் செய்ததற்கு எச்சரிக்கை ஒன்று வரும் என்றார். வரட்டும்.

ராஜம்பேட்டைக்காரர் தன் ஊருக்கே மாற்றல் கேட்டிருக்கிறார், கிடைத்துவிடும் போலிருக்கிறது. போய்விடுவாரே என்று எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று ஆறு மாசத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அடுத்து யார் வந்து என்ன தட்டி கட்டுவார்களோ தெரியவில்லை.

உங்கள் விஷயம் என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுதுங்கள்.

கங்கையா

*

திருப்பதி,
17-2-1959

கங்கையா ஸாருக்கு,

மல்லிகாவின் கேள்வியை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். குழந்தைகள் அதில் என்ன விசேஷம் என்பது போலப் பார்த்தார்கள்.

என் விஷயம் இதுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் இடம் வேறொருவருக்கு என்று முடிவாகிவிட்டது. நியமத்தை மீறினேன் என்று நானே சொன்னதைத்தான் காரணமாக எழுதியிருக்கிறார்கள், குறை சொல்ல இடமில்லை. அதோடு விடாமல், அங்கே காலியாகிற தெலுங்கு செக்ஷனுக்கே என்னைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்திருக்கிறது. ஆபீஸ் குமாஸ்தா அதைத் தண்டனை என்று நினைத்து என்னிடம் மெதுவான குரலில் சொன்னார். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்காலி போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டும்போது பார்த்தால் நான் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவும் வருகிறாள். "உங்க கங்கையாவுக்குக் கணக்கு வராததுக்கு நான் ஏண்டி பெருமாளை விட்டுட்டு வரணும்?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரங்களைக் கட்டுகிறாள். அலிபிரிப் பெண்ணும் பத்மாசனியும் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சேர்ந்து.

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை அனுமதி கேட்டேன், வருஷத்துக்கு வருஷம் பாடத்தை மாற்றிக்கொள்ள. "வாயால் சொல்கிறேன், எழுதித் தரமாட்டேன்" என்றார். அது போதும் எனக்கு. ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் பலகை அங்கேதான் இருக்கும்.

தேசப்படம் ஒன்று வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி, தினமும் சாயங்காலம் படித்துக்கொண்டிருக்கிறேன். கோதாவரி எனக்கு இன்னும் தகராறு செய்கிறது. நீங்கள் பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றிலிருந்தே சொல்லிப் பாருங்கள், மல்லிகா சரிபார்ப்பாள். சாந்த் பீயை நடுவிலேயே உட்காரவைத்து, அவள் அப்பாவை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுங்கள், அந்த உருது வாய்ப்பாட்டை நாமும் கேட்போம்.

திங்கட்கிழமை பிரார்த்தனைக்கு முன்னால் வந்துவிடுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்த பிறகு தகராறு வேண்டாம். கணக்கு உங்களுக்கு, பூகோளம் எனக்கு.

ஸத்யபாமா